தோள்மேல் நான்கு விரல்கள்

படங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகியதில், வீட்டிலும் அதே குரலில்தான் சோறு போடுகிறேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார். யாரைப் பார்த்தாலும் எனக்கு முகத்துக்கு முன்னால் தோள்தான் கண்ணில் படும். எது இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். முகத்தை வைத்து ஊரை ஏமாற்றலாம், தோளை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் அண்ணனுக்கு வலது தோள் இறங்கியிருக்கும். சுரங்கத்தில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடுகிற கான்டிராக்ட் வேலை அவனுக்கு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை உண்டு என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். கொடுக்க எங்களிடம் நிலம் இல்லை, அதனால் கேட்க வாயும் இல்லை. நான் படித்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆன ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்துவிட்டேன். அண்ணன் வடலூர் போகிற வழியில் எங்கள் பழைய வீட்டிலேயே இருந்தான்.

அவன் பேசத் தெரிந்தவன். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்று பேச ஆரம்பித்தவன், கொஞ்ச நாளில் கான்டிராக்ட் ஆட்கள் எல்லோருக்காகவும் பேசுகிறவனாக ஆனான். பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தான். உள்ளாட்சித் தேர்தலில் அவனை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த இடத்தின் மேல் ஏற்கெனவே ஒருவர் கண் வைத்திருந்தார். அதே கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். பெயர் வேண்டாம், பொறுப்பாளர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அண்ணனை வாய் நிறையத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

வடலூரில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து. அண்ணன் மட்டும் போனான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அண்ணி வீட்டில் இருந்துவிட்டாள். சாயங்காலம் அண்ணியின் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். மண்டபத்து வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கு முன்னால், தோளில் பச்சைச் சால்வையுடன் நிற்கிறான். பக்கத்தில் பொறுப்பாளர், அண்ணன் தோளைச் சுற்றிக் கை போட்டபடி. மண்டபத்துக்குள் வராமல், காரில் வந்து வாசலிலேயே சால்வையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். சால்வை போட்டதில் அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணி அந்தப் படத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் அண்ணனை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அவன் போன் கிடைக்கவே இல்லை.

அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. மறுநாள் காலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்தக் காலையில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால், உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தெருமுனையில் பிளெக்ஸ் நிற்க வேண்டும். மெழுகுவத்தி, வெள்ளைப் புறா, ரோஜாப்பூ, நடுவில் செத்தவர் படம், கீழே வரிசையாக இரங்கல் சொல்கிறவர்களின் தலைகள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் கீழே தனித்தனிக் கட்டத்துக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். கோடு போட்டுப் பிரித்துவிட்டால் தோஷம் இல்லை. செத்தவரோடு ஒரே படத்தில், தோளோடு தோள் மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கும் நாள் நெருங்கும் என்பார்கள். கல்யாணப் படத்தில் கணவன் செத்தால் மனைவியை வெட்டிவிட்டுத்தான் மாலை போடுவோம். பிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு இது தெரியும். அவர்களே கேட்பார்கள்: கூட இருக்கறவங்க இருக்காங்களா, போயிட்டாங்களா?

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் நின்ற கூட்டத்துக்கு நடுவில் பொறுப்பாளரும் இருந்தார். அண்ணியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு பாடைக்குத் தோள் கொடுத்தார். ஊர் முகப்பில் அவர் பெயரில் தனியாக ஒரு பிளெக்ஸ் நின்றது. அதில் அண்ணன் தலையைவிட அவர் தலை பெரியதாக இருந்தது. அப்போது யாருக்கும் அவர் மேல் ஒரு துளி சந்தேகமும் இல்லை. எனக்கும்தான். என் கணவர் மட்டும் அந்தப் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு, "செத்தது யாருன்னு குழப்பமாயிரும் போலிருக்கே" என்றார்.

எங்கள் வீட்டுப் பிளெக்ஸில் அண்ணன் பச்சைச் சால்வையோடு தனியாக நின்றான். பின்னால் வாழையிலை. பார்த்தவர்கள் எல்லாம் உயிரோடு நிற்பது மாதிரியே இருக்கிறது என்று அழுதார்கள். அண்ணனைக் குளிப்பாட்டும்போது அண்ணி கையிலிருந்த போன் தண்ணீர் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பிறகு மொபைல் கடையில் கொடுத்தபோது எதையும் மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் நாலைந்து இளவட்டங்கள் ஏதோ ஒரு ஊர் கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார்கள். சொந்தப் பகை என்றார்கள். அண்ணனுக்கு அவர்களில் ஒருவனைக்கூடத் தெரியாது. அனுப்பியது யார் என்று போலீஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது. பொறுப்பாளரையும் கேட்டார்கள். அன்றைக்கு முழுவதும் தான் ஊரிலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இதை நான் போய்ச் சொன்னபோது அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா பாப்பா சொல்ற? அன்னிக்கி சாய்ங்காலம் உங்க அண்ணங்கூட நின்னுகினு இருந்தாரே. படத்துல பாத்தனே நானு. அவருதான சால்வையே போட்டாரு."

நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அன்றிலிருந்து அவளுக்கு நான் பாப்பாதான்.

அப்போதுதான் அந்தப் படத்தைத் தேடினோம். எல்லோர் போனிலும் இருந்தது. எல்லாம் பிளெக்ஸுக்காகத் தயாரான படம். அண்ணன், சால்வை, வாழையிலை. நான் குவார்ட்டர்ஸில் என் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணனின் இடது தோளில், சால்வையின் சரிகைக் கரை ஓரத்தில், நான்கு விரல்கள் இருந்தன. சரிகையோடு சரிகையாகக் கலந்து, கவனித்தால் மட்டும் தெரிகிற மாதிரி. அண்ணனின் இரண்டு கைகளும் கீழே தொங்குகின்றன. அந்த விரல்களுக்குப் பின்னால் ஒரு கை இல்லை, ஆள் இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் வாழையிலை.  

நான் கூப்பாடு போட்டேன். ஆளை அழித்திருக்கிறார்கள், திட்டம் போட்டு அழித்திருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். டவுன்ஷிப் முழுக்க அந்த விரல் படம் சுற்றியது. கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் போனில் விரலைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு கதை. கட்சியே அழித்துவிட்டது என்றார்கள். போலீஸ்தான் என்றார்கள். விரலில் மோதிரம் தெரிகிறது, அது இன்னாருடையது என்று சிலர் சத்தியமே செய்தார்கள். மோதிரம் எதுவும் இல்லை, சரிகைதான். ஆனால் கடைசியில் எல்லோர் விரலும் பிளெக்ஸ் கடையைத்தான் காட்டியது. எங்கள் வீட்டுப் பிளெக்ஸை அடித்த அந்த வடலூர்க் கடையில்தான் பொறுப்பாளரின் கட்சி பிளெக்ஸ் எல்லாம் அடிப்பார்கள். அங்கே டிசைன் செய்துகொண்டிருந்தவன் காசு வாங்கிக்கொண்டு ஆளைத் துடைத்துவிட்டான் என்று பேச்சு நிலைத்துவிட்டது. எங்கள் உறவுக்காரர்கள் சிலர் போய்க் கடையை நொறுக்கி, அவனையும் அடித்திருக்கிறார்கள். அவன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். ஓடிவிட்டான் என்றால் தப்பு செய்தவன்தானே என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம்.

காதுகுத்துக்கு வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். வாசலில் யார் வந்தது, யார் போனது என்று ஒருவரும் பார்க்கவில்லையாம். அண்ணன் போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தவர்கள்கூடப் பார்க்கவில்லை என்பது அவர்கள் கண்ணைத் தாழ்த்தியதில் தெரிந்தது. ஆக, பொறுப்பாளர் அந்தச் சாயங்காலம் அண்ணனோடு நின்றார் என்பதற்கு அந்தப் படத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. அண்ணி கேட்டதும் அந்த ஒன்றுதான். தூக்கில் போடு, ஜெயிலில் போடு என்று அவள் கேட்கவில்லை. "நின்னாருன்னு கோர்ட்டுல ஒத்துக்கினா போதும் பாப்பா. இல்லவே இல்லன்றாரு பாரு, அதுதான் தாங்கல" என்பாள். நாங்கள் மனு மேல் மனு போட்டு, பொறுப்பாளரையும் வழக்கில் சேர்க்க வைத்தோம்.

பிளெக்ஸ் படத்தையே சட்டம் போட்டு அண்ணி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். டியூட்டி முடிந்து பல நாள் சாயங்காலம் நான் அங்கே போவேன். விளக்கு ஏற்றி, படத்துக்கு முன்னால் நின்று, சாமிக்குச் சொல்வதுபோல ஒன்று சொல்வாள்.

"எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னவன அழிச்ச கை அழுவிப் போவணும்."

கொலை செய்தவர்களைக்கூட அவள் இப்படிச் சபித்ததில்லை. தினமும் இதைத்தான் சொல்வாள். நானும் உடன் நின்று மனதுக்குள் ஆமாம் போடுவேன்.

சில வருஷம் கழிந்து, ஒரு நாள் கடலூர் போகிற பஸ்ஸில் இருந்தேன். குள்ளஞ்சாவடி முனையில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். யாரோ ஒரு பெரியவர். அவர் தோளுக்குப் பக்கத்தில், பின்புறத்துக்குப் பொருந்தாமல் ஒரு வாழையிலை இருந்தது. யாரையோ எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பிய இலை. ஓரத்தில் கிழிந்து, நுனி இடப்பக்கம் மடங்கிய அதே இலை. அந்த இலையை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். பிளெக்ஸின் கீழ் மூலையில் கடையின் பெயரும், பஸ் நின்ற அதே முனை என்ற விலாசமும் அச்சாகியிருந்தன. டிக்கெட் கடலூருக்கு எடுத்திருந்தேன், அங்கேயே இறங்கிவிட்டேன்.

கடையில், திருப்பூரில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்த அந்த டிசைன்காரன் மட்டும்தான் இருந்தான். இடது புருவத்தில் தழும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். பிளெக்ஸ் கட்ட வந்தபோது எழவு வீட்டில் பார்த்த முகத்தை மறக்கவில்லை போலிருக்கிறது. நான் மனதில் தயார் செய்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் வரிசையாக வந்தன. எவ்வளவு வாங்கினாய் என்றேன். அவன் காது கொடுத்துக் கேட்டான்.  நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. எடுத்தது நாந்தான். ஆனா எடுக்கச் சொன்னது உங்க அண்ணி."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவன் தன் போனை எடுத்து எதையோ தேடி, மேலே, இன்னும் மேலே என்று தள்ளிக்கொண்டே போய், என் கையில் கொடுத்தான். அண்ணியின் பழைய நம்பரிலிருந்து வந்த ஒரு படம். அதற்குக் கீழே அவள் பேசி அனுப்பிய குரல் பதிவு. படம் திறக்கவில்லை. தினமும் வருகிற ஆயிரம் படங்களால் போன் நிரம்பி, பழையதை எல்லாம் எப்போதோ அழித்திருக்கிறான். பழைய கடைக் கம்ப்யூட்டர் எங்கள் ஆட்கள் அடித்ததில் போய்விட்டது, பென்டிரைவில் இருந்த இலை மாதிரிச் சில்லறைதான் தப்பியது. மிச்சம் இருந்தது, திறக்காத படத்துக்கு மேல் பனி மூடியதுபோல ஒரு மங்கல். அந்த மங்கலில் பச்சையாக ஒன்று, அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று. இரண்டு பேர். அது யார் என்று கடவுளால்தான் சொல்ல முடியும்.

குரல் பதிவு மட்டும் இருந்தது. தொட்டேன். பின்னணியில் பெண்கள் ஒப்பாரி. அதற்கு நடுவில் அண்ணி.

"தம்பி, படம் அனுப்பி இருக்கறேன் பாரு. இவரு மட்டும் போதும். பக்கத்துல நிக்கறவர எடுத்துடு தம்பி. உசுரோட இருக்கற மனுசன். செத்தவரு கூட நிக்க வெச்சா அவருக்கு ஆவாது. புள்ளக்குட்டிக்காரரு. மறக்காம எடுத்துடு."

நான் எத்தனையோ நுரையீரலில் நிழலைப் பார்த்து, நோயாளி முகத்தைப் பார்க்காமல் "ரிப்போர்ட் டாக்டர் சொல்வாருங்க" என்று அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஏன் இதை அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்ல எங்க உட்டாங்க? அப்பறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். புருசனக் குடுத்துட்டு உக்காந்துகினு இருக்கறவங்ககிட்ட போயி, நீதாம்மா அழிக்கச் சொன்னன்னு எப்பிடிக்கா சொல்றது? எம்மேலயே இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்."

விரல்களை ஏன் விட்டாய் என்றும் கேட்டேன். பிளெக்ஸை எடுத்துப்போக வண்டி வந்து நின்றுவிட்டது, உடம்பு வருவதற்குள் அடிக்கச் சொன்னார்கள், சரிகையில் தெரியாது என்று விட்டுவிட்டேன் என்றான். அந்த மங்கலைத் திரையோடு படம் பிடித்து, குரலோடு சேர்த்து என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். குடிக்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் கணவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணிகிட்ட சொல்லிராத என்ன. அவங்களுக்கு இருக்க ஒரே பிடிப்பு அந்தப் படம்தான். அதையும் அவங்க கையாலயே போக்கினாங்கன்னு தெரிஞ்சா அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க."

அரசு வக்கீலுக்குத் துணையாக நாங்கள் வைத்திருந்த எங்கள் வக்கீலிடமும் காட்டினேன். எதிர்த்தரப்புதான் கடைக்காரனை வைத்து ஆளை அழித்தது என்று வாதாட அவர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். இது வெளியே வந்தால் அந்த வாதம் அதோடு முடிந்தது என்றார். அவருடைய ஜூனியர் ஆர்வமாக, மங்கலான படத்தைத் தெளிவாக்குகிற செயலி இப்போது இருக்கிறதே என்று போட்டுப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில் ஒரு ஆள் அழகாக வந்து நின்றான். நல்ல பல்வரிசை, முப்பது வயது, யாருக்கும் தெரியாத முகம். அண்ணன் முகமே அண்ணன் முகமாக இல்லை. ஜூனியர் அதை அவசரமாக மூடிவிட்டார்.

சொல்லக் கூடாது என்றுதான் நானும் இருந்தேன். சில நாள் அண்ணி வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். விளக்கு வைக்கிற நேரம். அண்ணி திரியைத் தூண்டிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னவன அழிச்ச கை..."

பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்திவிட்டேன்.  அவள் என் விரல்களுக்கு மேல் கண்களை விரித்துப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அவள் தன்னையே சபித்துக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்க எனக்குத் திராணி இல்லை. உட்கார வைத்து, போனைக் காதருகில் பிடித்தேன்.

முதல் தடவை கேட்டுவிட்டு, "யாரு பாப்பா இது அழுவுறது?" என்றாள்.  இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்போது முகம் மாறியது. மூன்றாம் தடவை அவளே தொட்டாள். சமையலறையில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

"நெனப்பே இல்ல பாப்பா. யாரோ படம் கேட்டாங்க, போன வாங்கிகினு போனாங்கன்னுதான் இத்தினி நாளும் நெனச்சிகினு இருந்தேன்."

பிறகு தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.  அழுதது நான்தான். அவள் அழவில்லை.

"அவரு எனக்கு எதிர்க்க குந்தி அழுதாரு பாப்பா. அதப் பாத்துட்டுதான் சொல்லி இருப்பேன். இவ்ளோ பாசமா அழுவுறாரே, இந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு."

வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னேன். வாயைத் திறக்காமல் இருந்தால் வழக்கு நிற்க வாய்ப்பு உண்டு, திறந்தால் போய்விடும். அண்ணி யோசித்தாள். அவள் கேட்டது பொறுப்பாளரைப் பற்றி இல்லை.

"அந்தப் பையன் புருவத்துல தழும்புன்னியே. நம்ம ஆளுங்க அடிச்சதா?"

"ஆமா அண்ணி."

"என் சாபமும் அவன் மேலதான் கெடக்குது. நான் கோர்ட்டுல சொல்லிடறேன் பாப்பா. அவரு பொய் சொல்றாருன்னு கேக்கப் போயி, நாம ஒரு பொய்யச் சொல்லிகினு நிக்கறதா?"

நான் தடுத்துப் பார்த்தேன், கோபப்பட்டேன். அண்ணனுக்கு நியாயம் வேண்டாமா என்று கத்தினேன். அவள் எழுந்து, வழிந்த பாலைத் துடைக்கப் போய்விட்டாள்.

தீர்ப்பு என்ன ஆனது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டியவர்களுக்குத் தண்டனை. பொறுப்பாளருக்கு எதிராகப் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை. கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கையில் இருந்தது ஒரு மங்கல், நான்கு விரல், பெயர் சொல்லாத ஒரு குரல். விடுதலை ஆன அன்றைக்கு வடலூர் முழுக்க அவருக்கு வாழ்த்து பிளெக்ஸ் வைத்தார்கள். ஆனால் என் மனதில் நிற்பது தீர்ப்பு நாள் இல்லை, அதற்கு முன்னால் அண்ணி கூண்டில் ஏறிய நாள்.

நீலப் புடவை கட்டியிருந்தாள். பொறுப்பாளர் வெள்ளைச் சட்டையில், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய வக்கீல், அண்ணி முன்னால் பெரிதாக அச்சடித்த அந்தப் படத்தை நீட்டினார். படத்தில் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று பரிசோதனையில் வந்திருக்கிறது, செய்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தன் கட்சிக்காரர் மேல் பழி போட நாங்களே விரலை ஒட்டினோம் என்று நிரூபிப்பதுதான் அவர் திட்டம்.

"தெரியுங்கய்யா. நாந்தான்."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களா விரலைச் சேர்த்தீங்க?"

"சேக்கலைங்க. ஆள எடுக்கச் சொன்னேன். வெரலு தங்கிப் போச்சு."

"எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?"

"உசுரோட இருக்கறவங்கள செத்தவங்க பக்கத்துல நிக்க வெக்கக் கூடாதுங்க. அவருக்கு ஆவாது."

கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து மனிதர்கள். ஒருவரும் இதற்கு விளக்கம் கேட்கவில்லை. எல்லோர் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு பாதிப் படம் உண்டு. ஒரு பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அரசு வக்கீலும் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எவருக்கு ஆகாது?" என்று வக்கீல் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அது அவருக்கே உடனே தெரிந்துவிட்டது.

அண்ணி கையை நீட்டிக் காட்டினாள்.  நான் முகத்தைப் பார்க்கவில்லை, பழக்கதோஷத்தில் பொறுப்பாளரின் தோளைத்தான் பார்த்தேன். இரண்டு தோளும் காதை நோக்கி ஏறின. கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

என் போனில் இருந்த மங்கலையும் குரல் பதிவையும் கோர்ட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். வக்கீல் சமாளித்துக்கொண்டு, அந்தக் குரல் பதிவில் பெயர் இல்லையே, மங்கலில் முகம் இல்லையே, இதெல்லாம் பின்னால் சேர்த்துச் சொல்வதுதானே என்று வரிசையாகக் கேட்டார். அண்ணி எல்லாவற்றுக்கும் இல்லைங்க, தெரியலைங்க என்றே பதில் சொன்னாள். தெரியாததை அவள் தெரியும் என்று சொல்லவில்லை. கடைசியில் நீதிபதி, கொஞ்சம் தணிந்த குரலில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று கேட்டார்.

அண்ணி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதியைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவரைப் பார்த்தே சொன்னாள்.

"அவரு நல்லா இருக்கணும்னுதாங்க எடுக்கச் சொன்னேன். நல்லாதாங்க இருக்காரு."